நாய் துரத்தியது, திரும்பி வந்தோம்

1994-ல் எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் முதல் ஆய்வுக் கட்டுரையை எழுதியது நான்தான். ஒரே ராத்திரியில் எழுதி முடித்தேன். நூலகத்திலிருந்து இரவல் வாங்கிய இரண்டு புத்தகங்களும், பி.எட். படித்தபோது எடுத்த குறிப்புகளும், ஒரு பிளாஸ்க் டீயும் பக்கத்தில் இருந்தன. தலைப்பு, ‘சுற்றுச்சூழல் மாசுபாடு: காரணங்களும் தீர்வுகளும்’. முகப்பில் ஐந்து பிள்ளைகளின் பெயர். கீழே ‘வழிகாட்டி ஆசிரியர்’ என்று என் பெயரைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதிக்கொண்டேன்.

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து, கட்டுரையாக எழுதி, மாவட்டம், மாநிலம், தேசம் என்று படிப்படியாகப் போய்ப் பேச வேண்டும். தமிழ்நாட்டில் அதை ஒருங்கிணைத்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். நான் தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். “நம்ம ஸ்கூல்ல இருந்தும் ஒண்ணு போகட்டும் சார்” என்றார் தலைமை ஆசிரியர். போனோம்.

எங்கள் பிள்ளை பேச்சுப் போட்டிக்குப் பேசுவதுபோலக் கையை வீசி, ஒரு வரி விடாமல் ஒப்பித்தாள். நடுவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கட்டுரையைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். “காற்றில் இவ்வளவு கார்பன் மோனாக்சைடு இருக்கிறதென்று போட்டிருக்கிறாயே, இதை யாரும்மா அளந்தது?”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டாள். “சார், அது எந்த ஊருக் காத்து சார்?”

“டெல்லி” என்றேன். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

இருபத்தைந்து வருடத்தில் எத்தனையோ குழுக்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பின்னால் நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பக்கம் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. கட்டுரையை வாத்தியார் எழுதியிருந்தால் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ‘எனவே இதனால் பெறப்படுவது யாதெனில்’ என்று எழுதாது.

நடுவர்கள் கட்டுரைக்கு முன்னால் கையில் எடுப்பது லாக் புக்கை. நாட்குறிப்பேடு என்று விதிமுறையில் இருக்கும், பிள்ளைகள் சொல்வது லாக் புக்தான். என்றைக்கு எங்கே போனோம், என்ன பார்த்தோம் என்று அன்றன்றைக்கு எழுதும் சாதாரண நாற்பது பக்க நோட்டு. போட்டிக்கு முந்தின நாள் உட்கார்ந்து எழுதிய லாக் புக் எல்லாப் பக்கமும் ஒரே மையில், ஒரே சாய்வில், அட்டை கசங்காமல் இருக்கும். உண்மையான லாக் புக்கில் எண்ணெய்க் கறை இருக்கும், மழைத்துளி பட்டு எழுத்து ஊறியிருக்கும், நடுவில் யாருடைய தம்பியோ வரைந்த லாரி இருக்கும். ஒரு பள்ளியின் லாக் புக்கில் ஒரு தேதிக்குக் கீழே இரண்டே வரி இருந்தது: ‘மூன்றாவது வீட்டில் நாய் துரத்தியது, திரும்பி வந்தோம். பேனா விழுந்துவிட்டது.’ எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நடுவர் அதைப் படித்துச் சிரித்துவிட்டு, ஏற்கெனவே போட்டிருந்த மதிப்பெண்ணை அடித்துக் கூட்டினார்.

அதற்குப் பிறகு எங்கள் பள்ளியில் லாக் புக்குக்குப் பென்சிலும் ரப்பரும் கிடையாது. தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடி, பக்கத்தில் சரியானதை எழுது. அடித்தது கீழே படிக்கத் தெரிய வேண்டும். ஆரம்பத்தில் பிள்ளைகளுக்கு இது பெரிய வேதனை. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினால்தான் நல்ல பிள்ளை என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து நாங்கள்தானே சொல்லி வளர்த்திருக்கிறோம்.

மாநாட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மையக் கருப்பொருள் மாறும். 2004, 2005-ல் அது நீர்வளம். எங்கள் பக்கத்துக்காகவே வந்த கருப்பொருள் மாதிரி இருந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது அது. பல்லில் பழுப்புக் கறையாகத் தெரியும். முற்றினால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும்.

முதல் கூட்டத்தில் பிள்ளைகள் சொன்ன தலைப்பு ‘தருமபுரி மாவட்டத்தில் நீர் மாசுபாடு’. தலைப்பு எப்போதும் இப்படித்தான் வானத்தை அளக்கிற மாதிரி வரும். நான் அதை மறுக்க மாட்டேன். “சரி, ஞாயித்துக்கிழமை காலைல எங்க போய் நிப்பீங்க?” என்று மட்டும் கேட்பேன். மாவட்டம் முழுக்க நிற்க முடியாது. சைக்கிளில் போய் மத்தியானச் சோற்றுக்குள் திரும்பும் தூரத்துக்குள்தான் ஆய்வு நடக்கும். அப்படிக் கேட்டுக் கேட்டு மாவட்டம் ஒன்றியமாகி, ஒன்றியம் ஊராகி, ஊர் ஏழு பம்பாகச் சுருங்கியது. அப்போது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அவளுக்கே முன்பற்களில் கறை உண்டு, கையால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னாள்: “சார், உப்புத்தண்ணி குடிக்கிற தெருவுலதான் பல்லு இப்படி ஆகுதுன்னு எங்க ஆயா சொல்லும். அது நெசமான்னு பாக்கலாமா?”

கேள்வி கிடைத்துவிட்டது. அதை அப்படியே, அவள் சொன்ன சொல்லிலேயே லாக் புக்கின் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னேன்.

முதல் இரண்டு ஞாயிறு வீண். சார்ட் பேப்பரில் தெருக்களை வரைந்து, எந்த வீட்டுக்கு எந்தப் பம்பு பக்கம் என்று கோடு போட்டுக்கொண்டே போனார்கள். மூன்றாவது ஞாயிறு ஒரு பாட்டி திட்டினாராம். “பக்கத்துப் பம்புத் தண்ணிய எவன்டா குடிப்பான்? அது பாத்திரம் கழுவ. குடிக்கிறதுக்குக் கோயில் பம்புல இருந்து கொண்டாருவோம்.” வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற தண்ணீர் வேறு, குடிக்கிற தண்ணீர் வேறு. போட்ட கோடுகளையெல்லாம் அடித்துவிட்டு வீடு வீடாக மறுபடியும் போனார்கள். இது தெரிந்துதான் நானும் விட்டிருந்தேன் என்று சொன்னால் பொய். எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

தண்ணீரைச் சோதிக்கக் குடிநீர் வடிகால் வாரியத்துப் பொறியாளர் ஒருவரைப் பிடித்துச் சோதனைப் பெட்டி ஒன்றை இரவல் வாங்கினோம். சின்னக் குழாயில் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டால் இளஞ்சிவப்பாக நிற்கும். புளோரைடு ஏற ஏற மஞ்சளாக மாறும். பெட்டியில் உள்ள வண்ண அட்டையோடு ஒப்பிட்டு அளவைப் படிக்க வேண்டும். இந்தியத் தரத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லாத ஊரில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். இளஞ்சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் உள்ள நிறங்களை ஒருத்தர் பார்க்கிற மாதிரி இன்னொருத்தர் பார்ப்பதில்லை. முதல் நாளே சண்டை. அதனால் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, காட்டாமல் உள்ளங்கையில் எழுதி, பிறகு ஒன்றாக விரிப்பது என்று அவர்களே ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். கண்ணாமூச்சி மாதிரி இருந்தது. இரண்டு கையிலும் ஒரே எண் வந்தால் எழுது, வராவிட்டால் மறுபடி தண்ணீர் பிடி.

ஆய்வகத்துக்கும் மாதிரி அனுப்பினோம். அங்கிருந்த அம்மா, “கண்ணாடி பாட்டில் வேணாம், பிளாஸ்டிக்ல கொண்டாங்க. அதே தண்ணியில மூணு தடவை அலசிட்டுப் பிடிங்க” என்றார். முடிவு வந்தபோது ஆறு பம்புகளுக்கு எங்கள் கணக்கும் அவர்கள் கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போயின. ஏழாவதில் எங்களுடையது குறைவு, அவர்களுடையது மிக அதிகம். ஒரு பையன் உடனே எங்கள் எண்ணைத் திருத்தப் பேனாவை எடுத்துவிட்டான். பெரியவர்கள் சொன்னது வந்தால் சின்னவர்கள் எழுதியதை அடிப்பது நம் ஊர் வழக்கம். இரண்டையும் அப்படியே போடு, ஏன் வேறுபட்டது என்று யோசித்து எழுது என்றேன். லாக் புக்கைப் புரட்டினால் அந்தப் பம்பில் தண்ணீர் எடுத்தது மாலை ஆறே முக்கால் மணிக்கு. தெருவிளக்கு வெளிச்சத்தில் மஞ்சளா, இல்லையா என்று பார்த்திருக்கிறார்கள். அந்த மஞ்சள் பல்பின் கீழே எல்லாமே மஞ்சள்தான் என்று தெரிந்து, அதற்குப் பயந்து குறைத்து எழுதியிருக்கிறார்கள்.

அதைவிட மனதில் நிற்பது பல் பார்த்த கதை. பள்ளியில் பிள்ளைகளின் பல்லைப் பார்த்துக் கறை உண்டு, இல்லை என்று குறிக்க வேண்டும். வெள்ளைத் தாளோடு போய் “வாயைத் திற” என்றால் யார் திறப்பார்கள்? பெரிய பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். குழுவில் கறை உள்ள அந்தப் பெண்தான் வழி கண்டுபிடித்தாள். போனதும் முதலில் தன் பல்லைக் காட்டுவாள். “எனக்கு இப்படி இருக்கு, உனக்கு இருக்கான்னு பாக்கட்டுமா? வேணாம்னா விட்டுடுறேன்.” தாளில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். போட்டோ கூடாது. மாட்டேன் என்றால் வற்புறுத்தக் கூடாது, மாட்டேன் என்றவர்கள் எத்தனை பேர் என்பதையும் எழுத வேண்டும். இப்போது பெரிய ஆராய்ச்சி நிறுவனங்களில் நெறிமுறைக் குழு என்று வைத்து இதைத்தான் பார்க்கிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து நின்றான். “சார், அவன் கோயில் பம்புத் தண்ணிதான் குடிக்கிறான். பல்லு வெள்ளையா இருக்கு. ஆனா அவன் போன வருசம்தான் பெங்களூர்ல இருந்து வந்தான். எண்ணலாமா, வேணாமா?”

எங்கள் பக்கத்தில் பாதி ஊர் கட்டட வேலைக்குப் பெங்களூரு போகும். பிள்ளைகளும் கூடப் போய், சில வருடம் கழித்துத் திரும்பும். நான் பதில் சொல்லவில்லை, சொல்லத் தெரியவுமில்லை. அன்றைக்கு மாலை பல் மருத்துவர் ஒருவரிடம் போன் போட்டுக் கேட்டேன். நிரந்தரப் பல்லின் மேல்பூச்சு ஈறுக்குள்ளே உருவாகும்போது குடித்த தண்ணீர்தான் கணக்கு, ஏறக்குறைய எட்டு வயதுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும், அதற்குப் பிறகு வந்து குடித்தால் பல்லில் அந்தக் கறை வராது என்றார். பையன் கேட்டது அந்த ஆய்வின் உயிர்நாடி. அதன் பிறகு எல்லாரிடமும் ‘சின்ன வயசுல எங்க இருந்தே?’ என்ற கேள்வியைச் சேர்த்தார்கள். வெளியூரில் வளர்ந்தவர்களைத் தனிப் பட்டியலாக்கினார்கள்.

முடிவு ஆயா சொன்னதற்கு நேர் எதிராக வந்தது. உப்புத்தண்ணீர்ப் பம்புகளில் புளோரைடு குறைவு. ஊரே தித்திப்பு என்று குடம் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற கோயில் பம்பில் அதிகம். புளோரைடுக்கு அந்த அளவில் ருசி கிடையாது, வாசனை கிடையாது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமிருந்தால் அது புளோரைடோடு சேர்ந்து படிந்துவிடும். அதனால் கரடுமுரடான கடினத் தண்ணீரில் பல சமயம் புளோரைடு குறைவாகவும், வாய்க்கு மென்மையான தண்ணீரில் அதிகமாகவும் இருக்கும். இதைப் பிள்ளைகள் புத்தகத்தில் தேடிப் படித்தது எண்கள் கைக்கு வந்த பிறகு. அதற்கு முன்னால் கொடுத்திருந்தால் நானும் என் 1994 கட்டுரையைத்தான் மறுபடி எழுதியிருப்பேன்.

எழுதும் வேலை செப்டம்பர் கடைசியில். காலாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறைதான் எங்களுக்கு எழுத்துக் காலம். ஜூலையில் கேள்வி, ஆகஸ்டில் அலைச்சல், செப்டம்பர் நடுவில் கணக்கு. அக்டோபர் மழை பிடித்துவிட்டால் வீடு வீடாகப் போக முடியாது, மாவட்டப் போட்டியும் நெருங்கிவிடும். முன்னுரையிலிருந்து எழுதத் தொடங்கிய எந்தப் பிள்ளையும் இரண்டாம் பத்தியைத் தாண்டியதை நான் பார்த்ததில்லை. ‘நீரின்றி அமையாது உலகு’ என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும். ஆகவே ‘என்ன செய்தோம்’ என்ற பகுதியை முதலில் எழுதச் சொல்வேன். அது லாக் புக்கில் இருக்கிறது, பார்த்து எழுதிவிடலாம். அடுத்து அட்டவணை. அட்டவணையைப் பார்த்து, வீட்டில் அம்மாவிடம் சொல்வதுபோல நான்கு வரி. முன்னுரை கடைசியில், தலைப்பு அதற்கும் பிறகு.

இரண்டு இடத்தில் மட்டும் சிவப்பு மையை எடுப்பேன். ஒன்று, ‘71.43 சதவீதப் பம்புகள்’. இருப்பது ஏழு பம்பு, அதில் ஐந்து. ஏழில் ஐந்து என்று எழுதினால் போதாதா? கால்குலேட்டர் கொடுத்த புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கங்கள் அளந்தவை அல்ல. இன்னொன்று முடிவுரை. ‘ஆகவே மாணவர்களாகிய நாம் அனைவரும் ஒன்றுபட்டு நீரைக் காப்போம், நாளைய உலகைப் படைப்போம்’ என்று எழுதாமல் பிள்ளைகளுக்குக் கை நிற்காது. அந்த வருடம் அதை அடித்துவிட்டு, கோயில் பம்பில் ‘குடிக்க வேண்டாம்’ என்று எழுதச் சொல்லி ஊராட்சிக்கு மனு கொடுத்தோம், இன்னும் பதில் இல்லை என்று எழுதினார்கள். அது நடந்தது, அதனால் எழுதலாம்.

மாவட்டத்தில் தேர்வாகி மாநிலம் வரை போனார்கள். அதற்குமேல் போகவில்லை. எட்டு நிமிடத்தில் ஏழு பம்பையும் சொல்லி முடிக்க முடியாமல் மணி அடித்துவிட்டது. பேச ஒத்திகை பார்க்காதது என் தப்பு.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டு, ஆற்றுத் தண்ணீர் ஊருக்குள் வந்த பிறகு இன்னொரு குழு அதே தெருக்களில் நடந்தது. இந்தத் தடவை கேள்வி வேறு. குழாயில் நல்ல தண்ணீர் வந்தும் யார் யார் இன்னும் பம்புத் தண்ணீரே குடிக்கிறார்கள், ஏன்? “ஆத்துத் தண்ணி சப்புன்னு இருக்குப்பா” என்று சொன்ன தாத்தாக்களை எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க முடியாது.

2014-ல் கருப்பொருள் வானிலையும் காலநிலையும். தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டிக் கவிழ்த்து மழைமானி செய்தார்கள். ஒரு நாள் அதை ஆடு தள்ளிவிட்டது. பொறுப்பாளி அன்றைக்கு மழையளவு 0 என்று எழுதிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பையன் விடவில்லை. “ராத்திரி மழை பெஞ்சுது, நான் நனைஞ்சேன்.” மழை இல்லை என்பதற்கும் அளக்கவில்லை என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அன்றைக்கு ஒரு பீரியட் முழுக்கப் பேசினோம். அந்தக் கட்டத்தில் 0-வை அடித்துவிட்டு, சின்னதாக ‘ஆடு’ என்று எழுதினாள். அச்சடித்த கட்டுரையிலும் அந்த அட்டவணையில் ஒரு கட்டத்தில் ‘ஆடு’ என்றே இருந்தது. கீழே விளக்கம் கொடுத்திருந்தோம்.

மாறியது நிறைய. முதலில் கையெழுத்து, பிறகு டவுனில் டிடிபி கடை. அங்கே ‘புளோரைடு’ ‘புளோரிடா’ ஆகி வந்து, மறுபடி காசு கொடுத்துத் திருத்தியது தனிக்கதை. அடுத்து பிரவுசிங் சென்டர். அப்புறம் ஒரு கொடுமை: முடித்த புராஜெக்டையே விலைக்கு விற்கும் கடைகள். லாக் புக் கூடத் தருவார்கள், கசங்கிய அட்டையோடு! முன்பு ஒரு குழுவில் ஐந்து பேர் வரை இருக்கலாம், பின்னால் இரண்டு பேராகச் சுருக்கினார்கள். ஐந்தில் மூன்று பேர் வேடிக்கை பார்ப்பார்கள் என்பது உண்மை. ஆனால் நாய் துரத்தும்போது ஐந்து பேர் இருந்தால் ஒரு தைரியம்.

நான் ஓய்வு பெற்று ஆறேழு வருடம் ஆகிறது. போன மாதம் உறவுக்காரப் பெண் ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு, தருமபுரி டவுனில் இருக்கிறாள், வாட்ஸ்அப்பில் கட்டுரை ஒன்று அனுப்பியிருந்தாள். ‘நகர்ப்புறக் குடிநீர் விநியோகமும் நிலைத்த வளர்ச்சியும்’. ஒரு பிழை கிடையாது. வாக்கியங்கள் வழவழவென்று ஓடின. என் 1994 கட்டுரையைவிட ஆயிரம் மடங்கு நன்றாக இருந்தது. போன் போட்டேன்.

“யாரும்மா எழுதினது?”

“நான்தான் தாத்தா. சாட்ஜிபிடி கொஞ்சம் ஹெல்ப் பண்ணுச்சு.”

திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். டெல்லிக் காற்றை அளந்தவனுக்குத் திட்ட என்ன யோக்கியதை? “சரி, உங்க தெருவுல காலைல எத்தனை மணிக்குத் தண்ணி வருது?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அம்மாகிட்ட கேக்கட்டுமா?”

“வேணாம். நாளைக்கு நீயே எழுந்து பாரு.”

அடுத்த நாள் நான் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது செய்தி வந்தது. ‘5.40-க்கு வந்துச்சு. 6.15-க்கு நின்னுருச்சு. நடுவுல ஒரு தடவை நின்னு மறுபடி வந்துச்சு தாத்தா, அதையும் எழுதணுமா?’